அறிவியல் கேள்வி பதில்: கையைக் கழுவினால் தண்ணீர் ஏன் சிவக்கிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நிறத்தைப் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: லஞ்சம் வாங்கியவர் பிடிபட்ட செய்திகளில் "ரசாயனம் தடவிய நோட்டு" என்று எழுதுகிறார்களே, அது என்ன ரசாயனம்? கையைக் கழுவிய தண்ணீர் எப்படி ரோஸ் நிறமாகிறது?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பினால்ஃப்தலீன். பள்ளி ஆய்வகத்தில் இரண்டு சொட்டு விடுவீர்களே, அதே பொருள்தான். இங்கே கரைசலாக்காமல் பொடியாகவே தடவுகிறார்கள். வெள்ளைப் பொடி என்பதால் மெல்லிசாகத் தடவினால் நோட்டிலும் தெரியாது, விரலில் ஒட்டிய பிறகும் தெரியாது. கழுவக் கொடுக்கும் கரைசல் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. அதற்கும் நிறம் கிடையாது.

பினால்ஃப்தலீனை 1871இல் தயாரித்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர். இதன் மூலக்கூறில் ஒரு நடுக் கார்பனைச் சுற்றி மூன்று பென்சீன் வளையங்கள் இருக்கின்றன. அமிலத்திலும் வெறும் தண்ணீரிலும் அந்த நடுக் கார்பனின் நான்கு கைகளும் ஒற்றைப் பிணைப்பில் மாட்டியிருக்கும். ஒரு வளையத்து எலக்ட்ரான் பக்கத்து வளையத்துக்குப் போக வழியில்லை. சின்ன இடத்தில் அடைபட்ட எலக்ட்ரானை அசைக்க நிறைய ஆற்றல் வேண்டும். அவ்வளவு ஆற்றல் புற ஊதாக் கதிரில்தான் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளி அப்படியே கடந்து போய்விடுவதால் கரைசல் நிறமற்றுத் தெரிகிறது.

காரம் சேர்ந்ததும் மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை இழக்கிறது. நடுவிலிருந்த கட்டு அவிழ்ந்து கார்பன் தட்டையாகிறது. வளையங்களுக்கு நடுவே பாலம் போட்டதுபோல எலக்ட்ரான் உலவும் பாதை நீள்கிறது. பாதை நீண்டால் தேவைப்படும் ஆற்றல் குறையும். இப்போது சுமார் 550 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியே போதும். வெள்ளை ஒளியிலிருந்து பச்சையை எடுத்துவிட்டால் கண்ணுக்கு மிஞ்சுவது ரோஸ். மஞ்சள், சங்குப்பூ என்று கீழே வருபவற்றிலும் நடப்பது இந்தப் பாதை நீள்வதும் குறுகுவதும்தான்.

ஏன் குறிப்பாகச் சலவைச் சோடா? பினால்ஃப்தலீன் பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8.2 அருகே நிறம் காட்டத் தொடங்கி 10இல் முழு நிறத்துக்கு வரும். ஒரு சதவீத சோடாக் கரைசலின் பிஎச் ஏறக்குறைய 11.5. சரியான இடம். காஸ்டிக் சோடாவை எடுத்தால் தோல் வெந்துபோகும். போதாததற்கு, பிஎச் 13ஐத் தாண்டினால் ஒரு ஹைட்ராக்சைடு அயனி அந்த நடுக் கார்பனிலேயே வந்து உட்கார்ந்து பாலத்தை உடைத்துவிடும். வந்த நிறம் சில நிமிடங்களில் வெளிறும்.

பொடியைத் தொட்டவர் கரைசலைக் கலக்கக் கூடாது என்பதும் இதில் முக்கியம். நகக்கண்ணில் இருக்கும் துகளே ஒரு டம்ளர் கரைசலைச் சிவக்க வைக்கும். கை கழுவிய கரைசலை அடைத்து வைத்த பாட்டிலில் மாதங்கள் கழித்து நிறம் மங்கியிருந்தால், உள்ளே பொருள் இல்லை என்று ஆகிவிடாது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கார்பனேட்டை பைகார்பனேட்டாக்கி பிஎச்சை இறக்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். தடய ஆய்வகத்தில் கரைசலை அமிலமாக்கி, ஈதர் போன்ற கரைப்பானில் பிரித்து, மென்படலத் தகட்டில் (கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிப்பது) ஓடவிட்டு, மேலே காரம் தெளித்தால் புள்ளி மறுபடி ரோஸாகும்.

கேள்வி: டைட்ரேஷனில் (அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) ரோஸ் நிறம் வந்ததும் நிறுத்துகிறேன். அரை நிமிடத்தில் மறைந்துவிடுகிறது. இன்னொரு சொட்டு விட்டால் வருகிறது, திரும்பவும் மறைகிறது. எந்த அளவை எழுதுவது? நிறம் நன்றாகத் தெரிய நிறங்காட்டியை (பினால்ஃப்தலீனை) அதிகம் விடலாமா?
– பிளஸ் டூ மாணவி, விருதுநகர்

குடுவையைச் சுழற்றிய பிறகு 30 விநாடி நிலைத்து நிற்கும் முதல் வெளிர் ரோஸ்தான் முடிவு நிலை. அந்த அளவை எழுதுங்கள். அதற்குப் பிறகு மறைவது காற்றின் வேலை. முடிவு நிலையில் குடுவைக்குள் உபரியாக இருப்பது ஒரு சொட்டுக் காரம், சுமார் 0.05 மி.லி. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அதைத் தின்று தீர்க்க நேரமாகாது. பிஎச் 8.2க்குக் கீழே வந்ததும் நிறம் போய்விடும். நீங்கள் துரத்திக்கொண்டு சொட்டு விட்டுக்கொண்டே இருந்தால் காற்றைத்தான் டைட்ரேட் செய்கிறீர்கள்.

குடுவையைக் குலுக்காமல் மெதுவாகச் சுழற்றுங்கள். காய்ச்சி வடித்த நீரைக் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்துப் பயன்படுத்தினால் பாதித் தொல்லை குறையும். குடுவைக்கடியில் வெள்ளை ஓடு அவசியம். பல வாரம் திறந்து மூடிய சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டில் என்றால் அதற்குள்ளேயே கார்பனேட் உருவாகியிருக்கும். அப்போது நிறமாற்றம் பளிச்சென்று இல்லாமல் இழுத்துக்கொண்டு போகும். புதிதாகக் கரைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிறங்காட்டியை அதிகம் விடக் கூடாது. நிறங்காட்டி வேடிக்கை பார்க்க வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு வலிமை குறைந்த அமிலம். காரத்தைத் தானும் கொஞ்சம் குடிக்கும். ஒரு சதவீதக் கரைசலில் 20 சொட்டு, அதாவது 1 மி.லி. விட்டால், அது முழுவதும் மாற 0.1 நார்மல் செறிவுள்ள காரம் 0.6 மி.லி. வரை தேவைப்படும். அடுத்தடுத்த இரண்டு அளவுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லும் சோதனையில் இது பெரிய பிழை. 20 மி.லி. கரைசலுக்கு இரண்டு சொட்டு போதும்.

பினால்ஃப்தலீன் தீர்ந்துவிட்டது, மெத்தில் ஆரஞ்சை விடலாமா என்று இன்னொரு மாணவர் கேட்டிருக்கிறார். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காஸ்டிக் சோடாவும் என்றால் பெரிய வித்தியாசம் வராது. சமான நிலை (அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகத் தீரும் இடம்) அருகே பிஎச் ஒரே சொட்டில் பல படிகள் தாவும். அசிட்டிக் அமிலத்தில் விடவே கூடாது. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தை அதே செறிவுள்ள காரத்தால் நடுநிலையாக்கினால் சமான நிலை பிஎச் 8.7இல் வரும். மெத்தில் ஆரஞ்சு 3.1க்கும் 4.4க்கும் இடையிலேயே சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போய்விடும். 4.4இல் அமிலத்தில் 30 சதவீதம்தான் நடுநிலையாகியிருக்கும்.

கேள்வி: பினால்ஃப்தலீன் கரைசல் தயாரித்தால் பால்போலத் திரிகிறது. சரியான அளவு சொல்லவும்.
– ஆய்வக உதவியாளர், தருமபுரி

தண்ணீரில் நேராகப் போட்டிருப்பீர்கள். அது தண்ணீரில் கரையாது. 0.5 கிராமை 50 மி.லி. எத்தனாலில் முழுதும் கரைத்த பிறகு, கலக்கிக்கொண்டே சிறிது சிறிதாக 50 மி.லி. தண்ணீர் சேருங்கள். மெத்தில் ஆரஞ்சு 0.1 கிராமை 100 மி.லி. வெந்நீரில் கரைத்து ஆறவைத்தால் போதும். புரோமோதைமால் புளூ என்ற நிறங்காட்டியை அமில வடிவில் வாங்கியிருந்தால், 0.1 கிராமை 0.01 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 16 மி.லி.யில் அரைத்துக் கரைத்து 250 மி.லி. ஆக்குங்கள். அளவுக்கு மேல் காரம் விட்டால் பாட்டிலே நீலமாக நின்று, தாங்கல் திறன் (பிஎச் மாறாமல் தாங்கும் திறன்) குறைந்த நீரில் தவறான பிஎச் காட்டும்.

கேள்வி: வெள்ளைச் சட்டையில் சாம்பார் கறை. சோப்பு போட்டதும் ரத்தம்போலச் சிவந்துவிட்டது; அலசினால் திரும்பவும் மஞ்சள். ஆரத்தி தண்ணீர் சிவப்பதும் இதனால்தானா? கறையை எப்படிப் போக்குவது?
– இல்லத்தரசி, காரைக்குடி

இரண்டும் ஒன்றுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் பிஎச் 7.4 வரை மஞ்சளாக இருந்து, 8.6ஐத் தாண்டினால் செம்பழுப்பாகும். சலவை சோப்புக் கரைசல் 9க்கும் 10க்கும் இடையில் நிற்கும், கறை சிவக்கிறது. அலசியதும் காரம் போகிறது, மஞ்சள் திரும்புகிறது. சிவந்ததால் துணிக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. கறை இன்னும் போகவில்லை என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

குர்குமினின் எதிரி வெயில். சோப்பு போட்டு அலசி, ஈரத்தோடு உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் கறைப் பக்கம் மேலே தெரியக் காயப்போடுங்கள். மிச்சமிருந்தால் மறுநாளும். ஒளி குர்குமின் மூலக்கூறையே துண்டாக்குவதால் இந்த முறை நிறம் திரும்பி வராது. வெள்ளைப் பருத்திக்கு பிளீச்சிங் கரைசலும் பயன்படும்; பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. பிளீச்சிங் பவுடர் போட்ட வாளியில் வினிகரோ எலுமிச்சையோ விடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

ஆரத்தியில் காரத்தைத் தருவது சுண்ணாம்பு. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் 12.4 வரை போகும். ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மஞ்சள்பொடியும் சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பும் தாராளம். கரைத்த உடனே கொஞ்சம் எடுத்து எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று மஞ்சளாகும். அதையே மறுநாள் காலை செய்து பாருங்கள், வெளுத்த நிறம்தான் வரும். காரத்தில் குர்குமின் நீண்ட நேரம் தாங்காது. உடைந்து வெனிலின், ஃபெருலிக் அமிலம் போன்றவையாகிவிடும். ஆரத்தியைச் சுற்றுவதற்குச் சற்று முன்பு கரைப்பதே சரி.

குங்குமத்தின் கதை வேறு. மஞ்சளோடு வெங்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் செய்யும் பழைய முறையில் அமிலம் இருந்தும் சிவப்பு வருகிறதே என்று யோசித்திருக்கலாம். அங்கே வெங்காரத்திலுள்ள போரான் குர்குமினோடு பிணைகிறது. வேதியியல் ஆய்வகத்தில் போரேட்டைக் கண்டறிய மஞ்சள் தாளைப் பயன்படுத்துவது இதனால்தான்: அமிலம் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைத்தால் சிவக்கும், அதன்மேல் ஒரு சொட்டுக் காரம் வைத்தால் கரும்பச்சையாகும். வெறும் காரத்தால் சிவந்த தாள் இப்படிப் பச்சைக்குப் போகாது.

பிள்ளைகளுக்கு மஞ்சள் தாள் செய்துகொடுக்க, ஒரு தேக்கரண்டிப் பொடியை 50 மி.லி. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் குலுக்கி, தெளிவை இறுத்து, மையொற்றுத் தாளை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. ஆப்பசோடாக் கரைசலில் லேசான ஆரஞ்சும் சலவைச் சோடாவில் நல்ல சிவப்பும் வரும். வினிகரில் நனைத்தாலும் குழாய்த் தண்ணீரில் நனைத்தாலும் மஞ்சள்தான். அமிலத்தைக் காட்ட இந்தத் தாளுக்குத் தெரியாது.

கேள்வி: கடையில் சங்குப்பூ லெமன் ஜூஸ் போடுகிறோம். எலுமிச்சை விட்டதும் நீலம் ஊதாவாகிறது. சில நாள் இரண்டு மடங்கு எலுமிச்சை பிழிந்தால்தான் மாறுகிறது. செம்பருத்தியில் ஏன் இந்த நீலம் வருவதில்லை?
– பழச்சாறு கடைக்காரர், புதுச்சேரி

தண்ணீரை மாற்றிப் பாருங்கள். கடினத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். நீங்கள் பிழியும் அமிலத்தை அதுதான் முதலில் விழுங்குகிறது. அதே தண்ணீரை வெகுநேரம் கொதிக்கவிட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறும். சாறு தெளிந்த நீலமாக இல்லாமல் பச்சை கலந்து தெரியும். ஆர்ஓ தண்ணீரில் 200 மி.லி.க்குப் பத்து உலர்ந்த பூ, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஐந்து நிமிடம் ஊறினால் போதும். இரும்புப் பாத்திரம் வேண்டாம், இரும்பு அயனிகள் நிறத்தைக் கறுப்பாக்கும்.

பூக்களின் நிறம் ஆந்தோசயனின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பிஎச் 3க்குக் கீழே சிவப்பு, நடுநிலை அருகே ஊதாவும் நீலமும், அதற்கு மேலே பச்சை, கடுங்காரத்தில் மஞ்சள். கடைசி நிலையில் வளையமே பிளந்துவிடுவதால் பிறகு எலுமிச்சை விட்டாலும் பழைய நிறம் முழுதாக வராது. 4 முதல் 6 வரை ஒரு சிக்கல் உண்டு: தண்ணீர் மூலக்கூறு ஒன்று வந்து ஆந்தோசயனினில் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான் பாதையை அறுத்துவிடும், நிறம் வெளிறிவிடும். செம்பருத்திச் சாறு மங்கலாக இருந்து, எலுமிச்சை விட்டதும் திடீரென்று சிவப்பது இதனால்தான். சங்குப்பூவின் நிறமிக்கு டெர்நாட்டின் என்று பெயர். அதன் நீண்ட பக்கக் கிளைகள் மடிந்து வந்து நடு வளையத்தை மூடிக்கொள்வதால் தண்ணீர் எளிதில் நெருங்க முடியாது, நீலம் தாக்குப்பிடிக்கிறது. 1664இல் ராபர்ட் பாயில் அமிலத்தையும் காரத்தையும் பிரித்துக் காட்டியதும் ஒரு பூச்சாறை வைத்துத்தான்; அவருடையது வயலட் பூ.

கேள்வி: போர் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கும்போது ஒயின் சிவப்பு தெளிவான நீலத்துக்கு வராமல் ஊதாவிலேயே நிற்கிறது. எங்கே தவறு?
– சாயப்பட்டறை ஆய்வகப் பணியாளர், திருப்பூர்

எரியோகுரோம் பிளாக் டி பயன்படுத்துகிறீர்கள் என்று கொள்கிறோம். இது உலோகத்தைக் காட்டும் நிறங்காட்டி. மெக்னீசியத்தைப் பிடித்திருக்கும்போது ஒயின் சிவப்பு. பியூரெட்டிலிருந்து விடும் இடிடிஏ (உலோக அயனிகளை இறுகப் பிடிக்கும் பொருள்) முதலில் கால்சியத்தையும் பிறகு மெக்னீசியத்தையும் பறித்துக்கொள்ள, கைவிடப்பட்ட நிறங்காட்டி நீலமாகிறது. ஆனால் அந்த நீலம் பிஎச் 7க்கும் 11க்கும் இடையில்தான் உண்டு. 6.3க்குக் கீழே நிறங்காட்டி தானாகவே சிவப்பு, 11.5க்கு மேலே ஆரஞ்சு. ஆகவே முதல் சந்தேகம் தாங்கல் கரைசல் மேல். மூடியைத் திறந்து திறந்து அம்மோனியா பறந்துபோயிருக்கும். 17.5 கிராம் அம்மோனியம் குளோரைடை 142 மி.லி. அடர் அம்மோனியாவில் கரைத்து 250 மி.லி. ஆக்கிப் புதிதாக வையுங்கள்.

அடுத்த சந்தேகம் நிறங்காட்டி. கரைசலாக வைத்தால் சில நாளில் கெடும். ஒரு பங்கை 100 பங்கு சோடியம் குளோரைடோடு உலர்வாக அரைத்து வைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு சிட்டிகை போடுங்கள். மூன்றாவது இரும்பும் செம்பும். இவை நிறங்காட்டியைப் பிடித்தால் இடிடிஏவால் பறிக்க முடியாது. இரும்பு என்றால் டிரைஎத்தனாலமின் சில சொட்டு உதவும். தண்ணீரில் மெக்னீசியமே இல்லாவிட்டாலும் முடிவு மந்தமாகத்தான் தெரியும். தாங்கல் கரைசலில் சிறிது மெக்னீசியம்-இடிடிஏ சேர்ப்பது அதற்காக.

50 மி.லி. தண்ணீர், 1 முதல் 2 மி.லி. தாங்கல் கரைசல், சிட்டிகை நிறங்காட்டி, 0.01 மோலார் இடிடிஏ. செலவான மி.லி.யை 20ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று வரும். தாங்கல் கரைசலை ஊற்றியதிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள், தாமதித்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படியும். 15 மி.லி.க்கு மேல் போனால் 25 மி.லி. தண்ணீரை எடுத்து அதே அளவு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துச் செய்து, 40ஆல் பெருக்குங்கள். கடைசிச் சொட்டுகளுக்கு நடுவே ஐந்து விநாடி பொறுங்கள்; உலோகம் கைமாறக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க: குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500இல் ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராம்.

கேள்வி: பெர்மாங்கனேட் டைட்ரேஷனில் நிறங்காட்டி எதற்கு இல்லை? சிலருக்குக் குடுவை பழுப்பாகக் கலங்குகிறதே?
– பிளஸ் டூ மாணவர், நாமக்கல்

பெர்மாங்கனேட்டே போதுமான நிறம் உள்ளது. ஒரு சொட்டு மிஞ்சினாலே குடுவை ரோஸாகும். அமிலத்தில் அது மாங்கனீசு(II) அயனியாக ஒடுங்கும்போது நிறம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

பழுப்பு என்பது மாங்கனீசு டை ஆக்சைடு. ஒடுக்கம் பாதிவழியில் நின்றுவிட்டது என்று பொருள். கந்தக அமிலம் குறைந்திருக்கும், ஆக்சாலிக் அமிலம் சூடாக இருந்திருக்காது, அல்லது பியூரெட்டை மளமளவென்று திறந்திருப்பீர்கள். 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்துக்கு 2 நார்மல் கந்தக அமிலம் 20 மி.லி., 60 முதல் 70 டிகிரி சூடு. முதல் சொட்டின் நிறம் போகத் தாமதமாகும், பதறாதீர்கள்: உருவாகும் மாங்கனீசு அயனியே இந்த வினைக்கு ஊக்கி. அது கொஞ்சம் சேர்ந்ததும் வேகம் பிடிக்கும். கொதிக்கவிட்டால் ஆக்சாலிக் அமிலம் சிதைந்து அளவு குறைவாக வரும். மோர் உப்பை (Mohr's salt, இரும்பு அம்மோனியம் சல்பேட்) சூடாக்கவே கூடாது. காற்றே இரும்பை ஆக்சிஜனேற்றிவிடும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் குளோரைடும் பெர்மாங்கனேட்டைச் செலவழிக்கும். பியூரெட்டில் கரைசல் கருமையாக இருப்பதால் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுங்கள்.

கேள்வி: கேமரா பெட்டியில் போட்ட சிலிக்கா ஜெல்லின் நீல மணிகள் ரோஸாகிவிட்டன. தூக்கிப் போட வேண்டுமா?
– புகைப்படக் கலைஞர், கோயம்புத்தூர்

வேண்டாம். நீலம் தருவது கோபால்ட் குளோரைடு. ஈரம் ஏறும்போது கோபால்ட்டைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் வந்து அமர்கின்றன. அதைச் சூழ்ந்திருப்பவை மாறினால் அது உறிஞ்சும் ஒளியும் மாறும். மணிகளைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்குங்கள், நீலம் திரும்பும். சூடாக இருக்கும்போதே மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள். கோபால்ட் உப்பு நச்சு. சமையலுக்குப் பயன்படும் அவனில் இதை வைக்காதீர்கள், நொறுங்கிய மணிகளின் தூசியை முகராதீர்கள்.